ஏழாம் நம்பரின் மழைக்காலம்

ஒரு புல்டோசரை மழைக்கு முன்னால் மூடிப் படுக்கவைத்துவிட்டு வருவதற்காக யாராவது கடல் தாண்டிப் போவார்களா என்று என் மனைவி சரோஜா கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஈப்போவில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு ஏணி எடுத்துவைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏழாம் நம்பருக்கு என்றதும் மட்டும் பெட்டியைத் தூக்கிவிட்டேன்.

ஏழாம் நம்பர் என்பது எங்கள் வண்டி யார்டில் அந்த டோசருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர். ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. சும்மா நின்ற வண்டிகளையெல்லாம் எங்கள் சீன முதலாளி விற்றுக்கொண்டே வந்தார். மற்ற வண்டிகள் போனபோது நான் கையிலிருந்த தேநீரைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஏழாம் நம்பரை டிரெய்லரில் ஏற்றிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மெக்கானிக்கான நான் என் இளமையில் பெரும்பகுதியை அதன் அடியில் மல்லாந்து படுத்தே கழித்திருக்கிறேன். குளிர்ந்து கிடந்த இன்ஜினைக் கிளப்பினால் அது இரண்டு முறை இருமும். மூன்றாவது முறைதான் பிடிக்கும். தெரியாதவர்கள் இரண்டாவது இருமலிலேயே கைவிட்டுவிடுவார்கள். இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

"நீயே போய்ச் சொல்லிவிட்டு வா. இங்கே இருந்தால் என் உயிரை எடுப்பாய்" என்று முதலாளி மலாய் மொழியில் சொன்னார்.

வாங்கியவர் மெட்ராசுக்குப் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஏழுமலை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போகவேண்டும் என்றதும் சரோஜாவின் முகம் மாறிவிட்டது. 1991ஆம் வருஷம் அது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரை எங்கே சொன்னாலும் பேச்சு ஒரு நொடி நின்றுதான் தொடரும். "போய் இறங்கியதும் போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மெட்ராஸ் பாரிமுனையில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடமைகள் உண்டு என்பது பூந்தமல்லியில்தான் தெரிந்தது. நின்றுகொண்டிருந்த ஒரு பெண், என்னைக் கேட்காமலே, கைக்குழந்தையை என் மடியில் வைத்தாள். பின்னாலேயே ஒருவர் கத்தரிக்காய்ப் பையை வைத்தார். ஈப்போவில் முன்பின் தெரியாதவன் கையில் குடையைக்கூடக் கொடுக்கமாட்டார்கள். குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது, கத்தரிக்காயைப் பார்த்தது, பிறகு நிதானமாக என் வேட்டியை நனைத்தது.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிகிற இடத்தில் டயர் வெடித்தது. ஒருவரும் திட்டவில்லை. எல்லோரும் இறங்கி மரத்தடியில் நின்றார்கள். ஏரியில் தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. "இன்னும் பத்து நாள்ல பாருங்க சார், கர தளும்பும். ஐப்பசி மழ புடிச்சுதுன்னா வுடாது" என்றார் கத்தரிக்காய்க்காரர். நான் வந்ததே அந்த மழைக்காகத்தான்.

எங்கள் ஊரிலும் மழைக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் வரும், கொட்டும், போய்விடும். ஒரு மணி நேரத்தில் இரும்பு காய்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் விட்டு விட்டு அடைமழை, அதற்குப் பிறகு மார்கழிப் பனி. ராத்திரி முழுக்க நனைந்த இரும்பு காலை வெயிலில் காய்வதற்குள் மறுபடியும் நனையும். வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. ஏழாம் நம்பரோ வெட்டவெளியில்தான் நின்றது.

சுங்குவார்சத்திரம் டீக்கடை ஓரமாக ஏழுமலை எனக்காகக் காத்திருந்தார். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சிரித்தால் முகம் முழுக்கப் பல். என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கடைக்குப் பின்னால் அவர் வீடு. வீட்டை ஒட்டிய காலி மனையில் ஏழாம் நம்பர்.

கப்பலில் வந்த களைப்பு அதற்கும் இருந்தது போலத் தோன்றியது. மஞ்சள் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. நான் போய், முன்னால் மண்ணைத் தள்ளும் பிளேடின் மேல் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "ண்ணா, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. உங்க ஊர்ல இதுக்கு ஏழாம் நம்பர்னு பேரு, என் பேர்லயும் ஏழு கீது. அதான் பார்த்தவொடனே எனுக்குன்னு தோணிச்சு" என்றார். அதுவரை அவர் மற்றவர்களுடைய வண்டிகளைத்தான் ஓட்டியிருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு மேடு பள்ளமான நிலத்தைச் சமன் செய்கிற வேலை, பொங்கல் கழிந்ததும் தொடக்கம். சொன்ன நாளில் வண்டி போய் நிற்கவில்லை என்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அந்த கம்பெனி சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம்.

"தையில இது மட்டும் கெளம்பலன்னா நான் மறுபடி இன்னொருத்தன் வண்டியிலதான்ணா குந்தணும்."

அவர் மனைவி கஸ்தூரி ஒரு எவர்சில்வர் தூக்கில் கஞ்சி கொண்டுவந்தாள். மூடியில் சுட்ட கருவாடு. "நாஷ்டா ஆச்சாண்ணா?" என்றாள். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா" என்போம். நான் அப்படிச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், ராத்திரியானாலும், "பசியாறியாச்சாண்ணா?" என்றுதான் கேட்டாள். தூக்கின் விளிம்பில் கஸ்தூரி என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீர் என்றாள். ஏழுமலை எங்கே வண்டி ஓட்டினாலும் அந்தத் தூக்கில்தான் மத்தியானச் சாப்பாடு போகும்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. மண்ணூரிலிருந்து ஏழுமலையின் கூட்டாளி டேவிட் வந்து சேர்ந்துகொண்டார். அவர் வெல்டர், வாய் ஓயாதவர். வண்டி பள்ளத்தில் நின்றிருந்தது. மழைக்கு முன் கடைசி முறையாகக் கிளப்பி மேட்டுக்கு ஏற்றினோம். சேற்றில் சக்கரங்களைச் சுற்றிய செயின் புதையாமல் இருக்கப் பனங்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் நிறுத்தினோம். பிளேடைத் தூக்கியபடி விடாமல் கட்டைமேல் இறக்கினோம். செயினில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினோம். அதில் ஈப்போ மண்ணும் கொஞ்சம் இருந்தது. அதை மட்டும் நான் தனியே கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். டீசல் டேங்கை வழிய நிரப்பினோம். காலியிடம் இருந்தால் குளிரில் உள்ளே வேர்த்துத் தண்ணீர் சேரும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தோம்.

முக்கியமானது ராடு. பிளேடைத் தூக்கி இறக்குகிற அந்த இரண்டு பளபளப்பான தண்டுகள். துருப்பிடித்துச் சொரசொரப்பானால் எண்ணெய் ஒழுகும், பிளேடு தூக்காது, அவ்வளவுதான். வெளியே தெரிந்த பகுதி முழுவதும் விரல் கனத்துக்கு கிரீஸ் அப்பினேன். சைலன்சர் குழாயின் வாயில் மழைத் தண்ணீர் இறங்கினால் நேராக இன்ஜினுக்குப் போகும். அதன் தலையில் ஒரு காலிப் பால் பவுடர் டின்னைக் கவிழ்த்தேன்.

தார்ப்பாய் போடும்போது ஏழுமலைக்கும் எனக்கும் சின்னச் சண்டை. அவர் வண்டியை இறுக்கிச் சுற்றிக் கட்டப்பார்த்தார். மூங்கில் நட்டுக் காற்றுப் போக இடம்விட்டுத்தான் போடவேண்டும், இறுக்கினால் உள்ளே புழுங்கித் துரு ஏறும் என்றேன்.

"கொயந்தைக்குக் காது மூடாம வுடுவாங்களாண்ணா?" என்றார் வருத்தத்தோடு.

"மூக்கை மூடுவாங்களா?" என்றேன். டேவிட் விழுந்து விழுந்து சிரித்தார். மூங்கில் வந்தது.

காற்று இழுக்கும் குழாய்க்கு ஒரு ரப்பர் ஷீட் வேண்டியிருந்தது. அதற்காக மெட்ராஸ் போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன், ஒரு சாண் ரப்பருக்காக பாரிமுனைச் சந்துகளில் அலைந்ததை சரோஜாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. மறுநாள் ஆயுத பூஜை என்பதால் கடைகள் சீக்கிரமே மூடிவிட்டன. அங்கேயே தங்கி, காலையில் கடை திறக்கவைத்து வாங்கினேன்.

திரும்பி வந்த பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முகத்தில் மாலை, கண்ணாடி நிறையச் சந்தனம். டிரைவருக்கு மாலைகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளியில்தான் சாலை தெரிந்தது. பஸ் கிளம்பும் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். கண்டக்டர் டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு பிடி பொரியும் கொடுத்தார். மலேசியாவில் தைப்பூசம் என்றால் நாங்கள் ஊரையே புரட்டிப்போடுவோம். ஆனால் ஒரு பட்டறையின் ஸ்பானருக்கு இத்தனை மரியாதை நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்திருந்தது. சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்வரை பிடித்திருந்தது.

ஏழாம் நம்பர் மின்னிக்கொண்டிருந்தது.

தார்ப்பாயைக் காணோம். டின்னைக் காணோம். விடியற்காலையிலிருந்து ஏழுமலை, கஸ்தூரி, டேவிட் மூன்று பேரும் சேர்ந்து மண்ணெண்ணெய் போட்டு கிரீஸை ஒரு துளி விடாமல் துடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியிருந்தார்கள். பிளேடு நிறையச் சந்தனமும் குங்குமமும். அந்த இரண்டு ராடுகளிலும் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஈரச் சந்தனப் பொட்டு. சைலன்சர் குழாய்க்குச் சாமந்தி மாலை.

"என்னா செஞ்சி வெச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

கஸ்தூரியின் முகம் வாடிப்போயிற்று. "நல்ல நாளும் அதுவுமா பிசுக்கோட சாமி முன்னால நிக்கவெக்கறதாண்ணா? மொத வருசம். நம்ம வூட்டுக்கு வந்த மொத ஆயுத பூஜ" என்றாள்.

என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு, "சரி, கிரீஸ் டின் எங்கே? தார்ப்பாய் எங்கே? உடனே போடணும்" என்றேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனார். சாமி படத்துக்கு முன்னால் தார்ப்பாயை அழகாக மடித்து விரித்திருந்தார்கள். அதன்மேல் ஸ்பானர்கள், சுத்தியல், கம்பி, கயிறு, கிரீஸ் டின், எல்லாவற்றுக்கும் பொட்டு. என்னுடைய பால் பவுடர் டின் நிறையப் பொரி.

"பூஜையில வெச்சத நாளைக்குக் காலைல தான்ணா எடுக்கணும்" என்றார் ஏழுமலை மெதுவாக.

"டேவிட், நீங்களாவது சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது? நான் சர்ச்சுக்குப் போறவன்தான். ஆனா என் வெல்டிங் மிஷினும் பொட்டு வெச்சினு பட்டறையில குந்திகினு கீது. அதெல்லாம் இன்னிக்குத் தொடப்படாது சார்" என்றார் டேவிட். ஏழுமலையைவிட அவர்தான் உறுதியாக இருந்தார்.

முதல் இடி இடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து கிரீஸ் டின்னை நோக்கிக் கையை நீட்டினேன். யாரும் தடுக்கவில்லை. "எடுங்கண்ணா. நீங்க எடுத்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார் ஏழுமலை. சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்த்தார்.

கையை இழுத்துக்கொண்டேன். துருவை நான் தேய்த்து எடுத்துவிடுவேன். ஆனால் தையில் அந்த வண்டி ஒரு நாள் முரண்டு பிடித்தாலும், இன்றைக்குக் கலைத்த பூஜைதான் அவர் நினைவுக்கு வரும். அந்தப் பயத்தோடு அவர் அதன்மேல் ஏறி உட்காரக்கூடாது. நான் ஊருக்குப் போய்விடுவேன், அவர்தான் அதனோடு வாழவேண்டும்.

கஸ்தூரி அடுப்பங்கரைக்குப் போனாள். ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"கிரீஸுதான பூஜையில கீது? என் வூட்டு வெளக்கெண்ண இல்லியே" என்றாள். "இது ஆவுமாண்ணா?"

விளக்கெண்ணெய் கெட்டியானது, சட்டென்று வழியாது. ஒரு ராத்திரி தாங்கும். "ஆவும்மா, தாராளமா ஆவும்!" என்று அவள் பேச்சிலேயே சொல்லிவிட்டு ஓடினேன்.

சந்தனத்தைத் துடைத்தெடுத்து, ராடு முழுவதும் விளக்கெண்ணெயை உள்ளங்கையால் தடவினோம். மாலையைக் கழற்றும்போது ஏழுமலை கண்ணில் ஒற்றிக்கொண்டார். காற்றுக் குழாய்க்கு நான் வாங்கிவந்த ரப்பர், நல்லவேளை, எந்தப் பூஜையிலும் இல்லை. டேவிட் பக்கத்து வயற்காட்டிலிருந்து யூரியா சாக்குகளை அள்ளிவந்து சீட்டின்மேலும் மீட்டர்கள்மேலும் போட்டார். சைலன்சர் குழாய் மட்டும் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. பொரி டின்னைக் கொட்ட மனம் வரவில்லை, அதுவும் பூஜையில் இருந்தது. பெரிய பெரிய துளியாக விழத்தொடங்கியது.

கஸ்தூரி தன் தூக்கை எடுத்து நீட்டினாள்.

"அது ஒன்னோட சீர்டி" என்றார் ஏழுமலை.

"அதுக்குத்தான் குடுக்கறேன். ஜல்தி ஏறு."

ஏழுமலை ஏறித் தூக்கைக் கவிழ்த்தார். கன கச்சிதமாக உட்கார்ந்தது. சாக்கிலிருந்து உருவிய சணலால் கைப்பிடியைச் சேர்த்துக் கட்டினார். அவர் இறங்குவதற்கும் மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. நாங்கள் நால்வரும் சாமி படத்துக்கு முன்னால் ஈரத்தோடு உட்கார்ந்து, கதவு வழியாக வண்டியைப் பார்த்தபடி பொரி தின்றோம். தூக்கின்மேல் மழை விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது.

"பசியாறியாச்சாண்ணா?" என்றாள் கஸ்தூரி. அந்தச் சாயங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

காலையில் மழை விட்டிருந்தது. விஜயதசமி. ஏழுமலை குளித்துவிட்டுச் சூடம் காட்டி, முதன்முதலாக எடுத்தது கிரீஸ் டின்னைத்தான். அதை என் கையில் கொடுத்து, "நீங்க ஆரம்பிங்கண்ணா" என்றார். இன்றைக்குத் தொடங்குகிற வேலை வருஷம் முழுக்கத் துலங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ராடில் ஒரே ஒரு இடத்தில், சந்தனப் பொட்டு இருந்த வட்டத்தில், லேசான பழுப்பு ஏறியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதன்மேல் கிரீஸை அப்பினேன்.

பால் பவுடர் டின்னை மறுபடி மாட்டப்போனபோது கஸ்தூரி விடவில்லை. "மழ முடியற வரிக்கும் என் தூக்கே இருக்கட்டும்ணா. அவருக்குச் சோறு சட்டியில எடுத்துனு போறேன்" என்றாள்.

கிளம்பும் முன் சொல்லவேண்டியதைச் சொன்னேன். இடையில் ஆசைக்காகக் கிளப்பி அணைக்காதீர்கள், அரைச்சூட்டில் நிறுத்தினால் உள்ளே வேர்க்கும். எலி வராமல் பாருங்கள். கிளப்புகிற அன்று தூக்கை முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டு முறை இருமும், பயப்படாதீர்கள். பிறகு ஏழாம் நம்பரிடம் போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் வெட்கமாக இல்லை. டேவிட் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

ஈப்போவுக்கு வந்து முதல் வேலையாகக் கூரை ஏறினேன். சரோஜா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மழைக்காலம் முழுக்க, எங்கள் ஊரில் மேகம் கூடினால்கூட நான் அந்தத் தூக்கைத்தான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் யார்டு ஆபீசில் போன் வந்தது. சுங்குவார்சத்திரம் டீக்கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து கஸ்தூரி. "அண்ணா! அவரு வண்டியில குந்திகினு கீறாரு. பேட்டரி மாட்டியாச்சு. நீங்க கேக்கணும்னு போன வெளிய நீட்டறேன். பேசாதீங்க, கேளுங்க!"

கடல் இரைவதுபோல் ஒரு சத்தம். யாரோ தூரத்தில் கத்தினார்கள். பிறகு எனக்குத் தெரிந்த அந்த இருமல். நின்றுவிட்டது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். இரண்டாவது இருமல், முதலாவதைவிடச் சின்னது. அதுவும் நின்றுவிட்டது. விட்டுவிடாதே ஏழுமலை, விட்டுவிடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதில் பிடித்தது. போன் முழுக்க ஏழாம் நம்பரின் குரல்தான். அதற்கு நடுவில், எங்கோ உயரத்திலிருந்து விழுந்ததுபோல், டங்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ, என் தூக்கு!" என்று கஸ்தூரி கத்துவதும், எல்லோரும் சிரிப்பதும் கேட்டது.